மணியோசை வரும் முன்னே

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்யாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. தேர்வில் அதற்குப் பொருள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அந்தப் பழமொழி அன்றாட வாழ்க்கையில் எங்கே பயன்படுகிறது என்று கேட்டால்தான் விழிப்போம். என்னைக் கேட்டால், கார் இஞ்சினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது பயன்படுகிறது என்பேன். எந்த இஞ்சினும் ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் ஓர் ஓசை வரும். செலவு அதன் பின்னால் வரும்.

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் காரைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மரபுக்கவிதைகளுக்கும் மொழிப்பற்றுக் கட்டுரைகளுக்கும் நடுவே எண்ணெய்க் கறை படிந்த ஒரு கட்டுரை எதற்கு என்றும் கேட்கலாம். சற்றுப் பொறுமையோடு படியுங்கள். நான் சொல்லப்போவது நம் பணத்தைப் பற்றியது, நம் காதுகளைப் பற்றியது, முடிவில் நம் மொழியையும் பற்றியது.

விரைவுக் கார்களின் மேல் நம் இளைஞர்களுக்கு இருக்கும் மோகம் நாடறிந்த ஒன்று. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பலரின் மனம் அங்கேதான் போகிறது. புதிய விரைவுக் கார் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாக்கனி. ஆகவே பழைய காரைத் தேடுகிறோம். ஒருவர் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வாங்குகிறார். இன்னொருவர் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குகிறார். கொஞ்சம் வசதி உள்ளவர் ஹோண்டா எஸ்2000 அல்லது டொயோட்டா 86 வாங்குகிறார். வாங்கிய சில நாள்களில், ஒரு காலைப் பொழுதில், இஞ்சினிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. உத்தரவாதம் முடிந்து பல்லாண்டுகள் ஆகிவிட்ட கார் அது. இரண்டு மூன்று ஆண்டுச் சேமிப்பு அந்தச் சத்தத்தில் அடங்கியிருக்கிறது.

அப்போது நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். சிலர் கடையில் விற்கும் ஏதோ ஒரு மருந்துப் புட்டியை வாங்கி இஞ்சினுக்குள் ஊற்றுகிறார்கள், அல்லது கெட்டியான எண்ணெய்க்கு மாறுகிறார்கள். இன்னும் சிலர் பட்டறைக்காரர் சொல்லும் உதிரிப்பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மூன்றுமே சத்தத்தை ஒழிக்கப் பார்க்கின்றன. சத்தம் ஏன் வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. ஓசையை அடக்குவது வைத்தியம் ஆகாது. ஓசைக்குக் காரணம் கண்ட பிறகே ஒரு வெள்ளியாவது செலவழிக்க வேண்டும். இதுவே என் கருத்து.

'டிக் டிக்' என்ற ஓசை எல்லாக் கார்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. மேலே சொன்ன கார்களையே எடுத்துக்கொள்வோம்.

1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் வால்வுகளுக்கு மேல் எண்ணெயால் இயங்கும் லிஃப்டர்கள் உள்ளன. கேம் தண்டுக்கும் வால்வுக்கும் இடையே இடைவெளி விழாமல், தமக்குள் நிரம்பியிருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் அதை நிரப்புவது இவற்றின் வேலை. கார் சில நாள்கள் ஓடாமல் நின்றால் லிஃப்டரிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும். மறுபடியும் முடுக்கும்போது எண்ணெய் நிரம்பும் வரை இரும்பு இரும்பைத் தட்டும். சில நிமிடங்களில் அது நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நிற்கவே இல்லையென்றால் எண்ணெய் பழசாகியிருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம், லிஃப்டருக்குள் அழுக்கு அடைத்திருக்கலாம். சத்ரியா ஜிடிஐயின் 4ஜி93 வகை 1.8 லிட்டர் இஞ்சினிலும் இதே கதைதான். நம் நாட்டுப் பட்டறைகளில் "டேப்பெட் சத்தம்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

1999இல் வெளிவந்த ஹோண்டா எஸ்2000 காரில் நிலைமை வேறு. நிமிடத்திற்கு 9,000 சுற்று வரை பாயக்கூடிய அதன் 2 லிட்டர் இஞ்சினில் எண்ணெய் லிஃப்டர்கள் கிடையாது. வால்வு இடைவெளியைத் திருகாணியால் கையாலேயே சரிசெய்ய வேண்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்று வரும் வால்வுக்கு 0.21 முதல் 0.25 மில்லிமீட்டர், புகை போகும் வால்வுக்கு 0.25 முதல் 0.29 மில்லிமீட்டர் என்பது கணக்கு. அந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. சூட்டில் உலோகம் விரியும் அல்லவா? ஆகவே மெல்லிய 'டிக் டிக்' அந்தக் காரின் இயல்பு.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தகைய இஞ்சினில் சத்தமே இல்லாத வால்வுதான் கூடுதல் ஆபத்து! இடைவெளி இறுகிப்போனால் புகை வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது. அமராத வால்வு தன் சூட்டை இறக்கிவைக்க வழியின்றிக் கருகிப்போகும். அமைதியே ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

2012இல் வந்த டொயோட்டா 86 மூன்றாவது வகை. அதன் எஃப்ஏ20 இஞ்சின் எரிபொருளை உயர் அழுத்தத்தில் நேரடியாகச் சிலிண்டருக்குள்ளும் பீய்ச்சுகிறது. இன்ஜெக்டர்கள் திறந்து மூடும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். உயர் அழுத்த எரிபொருள் பம்போ சில கார்களில் சில்வண்டு கத்துவதுபோல் ஒலிக்கும். இதைக் கேட்டு இஞ்சினைப் பிரித்துப் போட்டால் வீண்செலவுதான் மிஞ்சும்.

ஓசை ஒன்று, பொருள் மூன்று. அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ள சோதனைக்குப் போக வேண்டும்.

முதல் கேள்வி, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது? காரைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடியும் விட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு துணித்துண்டு போதும். எண்ணெய் குறைந்திருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன தடிமனுள்ள எண்ணெய்தானா என்றும் பார்க்க வேண்டும். எண்ணெய் வடிகட்டியில் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ஒரு சிறு அடைப்பான் உண்டு. மலிவான வடிகட்டியில் அது சரியாக வேலை செய்யாவிட்டால், ஒவ்வொரு காலையும் முதல் சில விநாடிகளுக்கு இஞ்சின் வறட்சியில் தட்டும்.

இரண்டாவது கேள்வி, ஓசை எப்போது வருகிறது? குளிர்ந்த இஞ்சினில் வந்து, சூடேறியதும் மறைந்தால் லிஃப்டராக இருக்கலாம். புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிவதாகவும் இருக்கலாம். உலோகம் விரிந்ததும் அந்தச் சந்து தானாகவே மூடிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, சூடேறிய பிறகு ஓசை வலுத்தால் கவலைப்பட வேண்டும். எண்ணெய் இளகி, அழுத்தம் குறைந்து, பேரிங் தேய்ந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். மேட்டில் ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்குவதுபோல் கேட்டால், எரிபொருள் தவறான நேரத்தில் வெடிக்கிறது என்று பொருள் கொள்ளலாம். ரோன் 97 அல்லது அதற்கும் மேல் கேட்கும் இஞ்சினுக்கு ரோன் 95 ஊற்றிச் சிக்கனம் பார்ப்பவர்கள் கவனிக்க!

மூன்றாவது கேள்வி, ஓசையின் வேகம் என்ன? நான்கு வீச்சு இஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றினால் கேம் தண்டு ஒரு முறைதான் சுற்றும். இஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்திற்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் தண்டு விநாடிக்கு ஏறத்தாழ 13 முறை சுற்றும். ஒரு வால்வோ விநாடிக்கு ஏறத்தாழ 7 முறைதான் தட்டும். இன்ஜெக்டரும் புகைக்கசிவும் பொதுவாக இந்தப் பாதி வேகத்தையே பின்பற்றும். கீழே கனெக்டிங் ராட் பேரிங்கிலிருந்து வரும் தட்டல் பெரும்பாலும் கிராங்க் தண்டின் முழு வேகத்தில், கனத்த குரலில் வரும். பழகிய காது இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்காமலேயே பிரித்துவிடும்.

நான்காவது கேள்வி, ஓசை எங்கிருந்து வருகிறது? 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இதயத்துடிப்பு தெளிவாகக் கேட்டது. இதயமானி பிறந்தது அப்படித்தான். பட்டறையில் நீளமான ஒரு திருப்புளி அதே வேலையைச் செய்கிறது. முனையை இஞ்சினின் அசையாத பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்தால், ஓசை எந்த இடத்தில் வலுக்கிறது என்று தெரியும். புகைக்கசிவைத் தேடுவதற்கு உலோகம் கூடாது. ஒரு துண்டு இரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியைச் சந்துகளின் ஓரமாக நகர்த்த வேண்டும். சுற்றும் பட்டையிலும் காற்றாடியிலும் உடையோ முடியோ சிக்காமல் பார்த்துக்கொள்வதும், காற்றோட்டமுள்ள இடத்தில் இதைச் செய்வதும் மிக முக்கியம்.

இவற்றிலும் விடை கிடைக்கவில்லை என்றால், தேர்ந்த பட்டறையில் ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பையும் சிறிது நேரம் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால், நோய் அந்தச் சிலிண்டரின் பேரிங்கிலோ புகைவழியிலோ இருக்கிறது. அடுத்து எண்ணெய் அழுத்தத்தைத் தனி மானி கொண்டு அளக்கலாம். பழைய எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்த்து, மடிப்புகளில் உலோகத்தூள் மின்னுகிறதா என்றும் காணலாம். பேரிங் சத்தம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் இஞ்சினை அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும். வீடு வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைத்தால் கிராங்க் தண்டும் சேர்ந்து போய்விடும்.

இந்த ஒழுங்கின் அருமையை என் நண்பர் ஒருவரின் அனுபவத்தில் கண்டேன். அவருடைய சத்ரியா ஜிடிஐ காலை நேரத்தில் தட்டியது. அவர் போன முதல் பட்டறையில் மூடியைக்கூடத் திறக்காமல், "இஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் முழுவதும் போகும் அளவிற்குத் தொகையும் சொன்னார்கள். அவர் பணம் கட்டுவதற்கு முன் எங்கள் வட்டாரத்தில் இருக்கும் முதிய தமிழ்ப் பட்டறைக்காரர் ஒருவரிடம் போனோம். "அண்ணே, ஏதோ சத்தம் வருது" என்றார் நண்பர். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "என்ன சத்தம் தம்பி? 'டொக் டொக்'னா, 'சிக் சிக்'னா? சூடானதும் போயிடுதா?" என்று கேட்டார். காரை அன்றிரவு அங்கேயே விட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலையில் குளிர்ந்த இஞ்சினை அவரே முடுக்கி, இரப்பர்க் குழாயை வைத்துக் கேட்டார். புகைக்குழாய் சேரும் இடத்தில் ஒரு போல்ட் உடைந்திருந்தது. ஒரு போல்ட், ஒரு கேஸ்கெட், அரை நாள் வேலை. அவ்வளவுதான்.

அவர் கேட்ட கேள்விகளைக் கவனித்தீர்களா? என்ன ஓசை, எப்போது, எங்கே. பல்கலைக்கழகத்தில் இயந்திரங்களின் அதிர்வைப் பற்றி எங்களுக்குக் கற்பிக்கப்படும் பாடத்தின் சாரமும் இதுவே. எங்களிடம் சமன்பாடு இருக்கிறது. அவரிடம் காது இருக்கிறது.

"இப்போதுதான் எல்லாவற்றுக்கும் கணினி வந்துவிட்டதே, காதை யார் நம்புவார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். காரில் ஓபிடி கருவியைச் சொருகினால் பிழைக் குறியீடுகள் வரும் என்பது உண்மைதான். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், உணரிகள் அறிந்ததை மட்டுமே கணினி சொல்லும். தேய்ந்த லிஃப்டரையோ, உடைந்த போல்ட்டையோ, தளர்ந்த ஸ்பார்க் பிளக்கையோ நேரடியாகப் பார்க்கும் உணரி அங்கே இல்லை. குறியீடு எதுவும் வராமலேயே ஒரு பேரிங் தேய்ந்துகொண்டிருக்கலாம்.

மின்கார்கள் பெருகும் காலத்தில் இந்த அறிவு எதற்கு என்றும் கேட்கலாம். புரோட்டோன் நிறுவனமே 2024 டிசம்பரில் தன் முதல் மின்காரை அறிமுகப்படுத்திவிட்டது. ஆனாலும் நம் வீட்டு வாசலில் நிற்கும் கார்கள் நாளைக்கே மறைந்துவிடப் போவதில்லை. நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் பழைய விரைவுக் கார்கள் எல்லாம் எண்ணெயில் ஓடுபவைதாம். அவை இன்னும் மூப்படையும்போது இந்தக் காதுகளின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

பழைய கார் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் காட்டும் கார் நீங்கள் போவதற்கு முன்பே சூடாக இருந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை பேசும். கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்பவர்களும் உண்டு. ஆகவே கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது, என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். பளபளக்கும் சாயமும் அகன்ற சக்கரமும் கண்ணை மயக்கும். காது மட்டும் எளிதில் மயங்காது.

இனி மொழிக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் நாம் இரட்டைக்கிளவி படித்தோம். கடகட, தடதட, சலசல, கிலுகிலு, சடசட என்று வாக்கியம் அமைத்தோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அறிவியலை மலாயில் படித்தோம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறோம். இரட்டைக்கிளவி தேர்வுத்தாளோடு நின்றுவிட்டது. பட்டறையில் அது நிற்கவில்லை. தளர்ந்த டைமிங் சங்கிலி 'கிலுகிலு' என்கிறது. தவறான நேரத்தில் வெடிக்கும் எரிபொருள் 'சடசட' என்கிறது. லிஃப்டர் தையல் இயந்திரம்போல் 'டிக் டிக்' என்கிறது. புகைக்கசிவு 'சிக் சிக்' என்கிறது. பேரிங் 'டொக் டொக்' என்கிறது. இவற்றுள் சில இலக்கண நூலின்படி இரட்டைக்கிளவி ஆகா என்று ஆசிரியர்கள் திருத்தலாம். ஆனால், இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு நோயைக் குறிக்கின்றன. ஆங்கிலப் பாடநூலைப் படித்து ஆங்கிலத்திலேயே யோசிக்கும் எனக்கு, இந்த நுட்பத்தைக் கற்றுத்தந்தது தமிழ் பேசும் ஒரு பட்டறைதான்.

எண்ணெய்க் கையோடு நிற்கும் அந்த மனிதர்களை "படிக்காதவர்கள்" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் காதில் இருக்கும் அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் வளாகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறோம். விடுமுறையில் ஒரு வாரம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, எந்த ஓசைக்கு என்ன பெயர், அதற்கு என்ன காரணம் என்று குறித்து வந்தால் என்ன? நம் கழகம் ஆண்டுதோறும் சொற்போரும் கவியரங்கமும் நடத்துகிறது, நடத்தட்டும். அவற்றோடு "ஓசையும் நோயும்" என்று ஒரு சிறு கையேட்டையும் தமிழில் வெளியிட்டால், நம் ஊர் இளைஞர் ஒருவரின் சேமிப்பாவது மிஞ்சும்.

மொழி வாழ வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. ஒருவன் காலையில் காரை முடுக்கி, காதைத் தீட்டிக் கேட்டு, "இது சூடானா போயிடுற சத்தம், புகைக்குழாய் பக்கம் பார்க்கணும்" என்று தமிழில் யோசிக்கிறானே, மொழி அங்கே உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆகவே நண்பர்களே, அடுத்த முறை உங்கள் கார் 'டிக் டிக்' என்றால் வானொலியின் ஒலியைக் கூட்டாதீர்கள், அணைத்துவிடுங்கள். சன்னலை இறக்குங்கள். என்ன ஓசை, எப்போது, எங்கே என்று கேளுங்கள். விடை தெரிந்த பிறகு பணப்பையைத் திறக்கலாம்.